நைட் ஷிப்ட்டில் கலோரிக் கணக்கு: உங்கள் நாள் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது?

கலோரி எழுதும் ஆப்கள் இரவு பன்னிரண்டு அடித்ததும் நாளை முடித்துவிடும். பத்து மணிக்கு சி ஷிப்ட் (நைட்) ஏறியவருக்கு அப்போதுதான் வேலை சூடு பிடித்திருக்கும். ஒன்பது மணிக்கு வீட்டில் சாப்பிட்டது நேற்றைய கணக்கில் போய்ச் சேரும். ஒரு மணி கேன்டீன் சாப்பாடு, விடியற்காலை டீ, காலை ஏழு மணி இட்லி, தூங்கி எழுந்து மாலையில் சாப்பிட்ட சோறு எல்லாம் சேர்ந்து 'இன்று' ஆகிவிடும். ஷிப்ட் மாறும் வாரத்தில் ஒரு நாள் 1,300 என்றும் மறுநாள் 2,700 என்றும் திரையில் சிவப்பாக எரியும். உண்மையில் நீங்கள் இரண்டு நாளும் ஒரே அளவுதான் சாப்பிட்டிருப்பீர்கள். இந்தக் குழப்பத்தில்தான் பலர் இரண்டாவது வாரத்திலேயே ஆப்பைத் தூக்கிப் போடுகிறார்கள்.

உணவு அளவை எழுதுவது எல்லோருக்கும் பொது. நாளை எங்கே வெட்டுவது என்பதுதான் ஷிப்ட் ஆட்களுக்கு மட்டுமே உள்ள சிக்கல். முதலில் அதைத் தீர்த்துக்கொள்வோம்.

எழுந்ததிலிருந்து எழும்வரை ஒரு நாள்

உங்கள் நாள், பெரிய தூக்கம் கலைந்து எழுந்த நிமிடத்தில் தொடங்குகிறது. அடுத்த பெரிய தூக்கம் கலையும்போது முடிகிறது. பிற்பகல் மூன்றுக்கு எழுந்தால், அந்த மூன்று மணியிலிருந்து மறுநாள் மூன்று வரை ஒரே பக்கம். இடையில் பன்னிரண்டு மணி தாண்டியதைக் கண்டுகொள்ள வேண்டாம். நோட்டில் எழுதுபவர்களுக்குத் தொல்லையே இல்லை. பக்கத்தின் தலையில் 'செவ்வாய் மதியம் 3 முதல்' என்று எழுதினால் போதும். ஆப்பில் எழுதுபவர்கள் நள்ளிரவுக்குப் பிறகு சாப்பிட்டதைப் பதியும்போது முந்தைய நாளின் தேதியில் பதிய வேண்டும். மைஃபிட்னஸ்பால் போன்றவற்றில் வேளைகளின் பெயரையும் மாற்றிக்கொள்ளலாம். காலை உணவு, மதிய உணவு என்பதை அழித்துவிட்டு 'எழுந்ததும்', 'ஷிப்ட்டுக்கு முன்', 'பிரேக்', 'டீ-நொறுக்கு', 'ஷிப்ட் முடிந்து' என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்குச் சாப்பிடும் இட்லியை 'இரவு உணவு' என்ற தலைப்பில் பதியும்போது வரும் தடுமாற்றம் நின்றுவிடும்.

குட்டித் தூக்கம் நாளை வெட்டாது. மூன்று மணி நேரத்துக்குக் குறைவான எதையும் தூக்கமாகக் கணக்கில் எடுக்க வேண்டாம். நைட் முடித்து வந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, சமைத்துவிட்டு, காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரையும் மாலை ஐந்திலிருந்து எட்டரை வரையும் என்று இரண்டு துண்டாகத் தூங்கும் பெண்கள் நிறையப் பேர். நர்ஸ் வேலையில் இருப்பவர்களுக்கு இது சகஜம். அவர்கள் காலைத் தூக்கத்தையே பெரிய தூக்கம் என்று நிர்ணயித்துக்கொள்ளட்டும். நாள் மதியம் பன்னிரண்டுக்குத் தொடங்கும். ஒரு நாள் இதையும் மறுநாள் அதையும் எடுத்தால் கணக்கு நாறிவிடும்.

கால் டாக்ஸி ஓட்டுநர், லாரி ஓட்டுநர் போல எந்த ஒழுங்குமே இல்லாதவர்களுக்கு இந்த முறை ஒத்துவராது. அவர்கள் வழக்கமாக வாயில் எதுவும் போடாத ஒரு மணியைத் தேர்ந்தெடுத்து, உதாரணமாக விடியற்காலை ஐந்து, அதையே நிரந்தரக் கோடாக வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளின் எண்ணைப் பார்க்காமல் ஏழு நாள் கூட்டுத்தொகையை மட்டும் பார்க்க வேண்டும்.

ஷிப்ட் மாறும் நாளுக்குத் தனி அளவு

வாரம் ஒருமுறை ஷிப்ட் மாறுகிறவர்களுக்கு எல்லா நாளும் 24 மணி நேரமாக இருக்காது. சனி இரவு பத்துக்கு ஏறி ஞாயிறு காலை ஆறுக்கு இறங்குகிறீர்கள். எட்டுக்குப் படுத்து மதியம் பன்னிரண்டுக்கு எழுகிறீர்கள். திங்கள் ஆறு மணிக்கு ஏ ஷிப்ட் என்பதால் ஞாயிறு இரவு ஒன்பதரைக்கே படுத்து, நாலரைக்கு எழுந்தாக வேண்டும். இந்த 'ஞாயிறு' வெறும் பதினாறரை மணி நேரம். அதில் முழு நாள் அளவையும் சாப்பிட்டால் மிச்சம் உடம்பில் தங்கும்.

நேர் எதிரான கதை நைட்டுக்குப் போகும் நாள். திங்கள் காலை ஏழுக்கு எழுந்து, மாலையில் இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்து, இரவு வேலை பார்த்து, செவ்வாய் காலை படுத்து மதியம் மூன்றுக்கு எழுந்தால், அந்த 'திங்கள்' 32 மணி நேரம் நீள்கிறது. 24 மணி நேர அளவை வைத்துக்கொண்டு 32 மணி நேரத்தை ஓட்ட நினைத்தால் விடியற்காலை நாலு மணிக்கு என்ன நடக்கும் என்பது வடைத் தட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பசி நியாயமானதுதான். நீங்கள்தான் கணக்கில் எட்டு மணி நேரத்தை மறந்துவிட்டீர்கள்.

இதற்கு வழி, தினசரி அளவை 24-ஆல் வகுத்து மணிக்கு இத்தனை என்று ஆக்குவது. ஒருவருடைய இலக்கு 1,920 என்றால் மணிக்கு 80. பதினாறரை மணி நாளுக்கு 1,320. முப்பத்திரண்டு மணி நாளுக்கு 2,560. வாரத்தில் மாறும் நாள் ஒன்றோ இரண்டோதான். அவற்றுக்கு மட்டும் இந்தப் பெருக்கல் போதும். நைட் வாரத்தின் நடு நாட்களில் மூன்றிலிருந்து மூன்று வரை 24 மணி நேரமே வருவதால் வழக்கமான அளவு சரியாக இருக்கும். டபுள் டூட்டி பார்க்கிற நாளுக்கும் இதே விதிதான்: எத்தனை மணி நேரம் கழித்து அடுத்த பெரிய தூக்கத்திலிருந்து எழுவீர்களோ, அத்தனை மணி நேரத்துக்கான அளவு.

எவ்வளவு என்று முடிவுசெய்வது

ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) - தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் தந்த அளவுப்படி, 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு உட்கார்ந்த வேலையென்றால் ஒரு நாளைக்கு 2,110 கலோரி, நடுத்தர உழைப்புக்கு 2,710. 55 கிலோ பெண்ணுக்கு முறையே 1,660, 2,130. இது திசை காட்ட உதவும். உங்கள் எடைக்கும் உயரத்துக்கும் தனியாகப் போட மிஃப்லின் - செயின்ட் ஜியோர் சூத்திரம் கைகொடுக்கும்: எடை கிலோவில் பெருக்கல் 10, கூட்டல் உயரம் சென்டிமீட்டரில் பெருக்கல் 6.25, கழித்தல் வயது பெருக்கல் 5. ஆணுக்கு இதோடு 5 கூட்ட வேண்டும், பெண்ணுக்கு 161 கழிக்க வேண்டும்.

72 கிலோ, 170 செ.மீ., 32 வயது ஆணுக்கு: 720 + 1,062 − 160 + 5, ஏறத்தாழ 1,627. இது படுத்தே கிடந்தால் ஆகும் செலவு. கணினி முன் உட்கார்ந்த வேலைக்கு 1.2-ஆலும், மெஷின் முன் நின்று அவ்வப்போது நடக்கும் வேலைக்கு 1.375-ஆலும், நாள் முழுக்க நடந்து தூக்கி இறக்கும் வேலைக்கு 1.55-ஆலும் பெருக்க வேண்டும். நின்று வேலை பார்ப்பவருக்கு 2,240 வரும். எடை குறைய வேண்டுமானால் அதில் 300 முதல் 400 வரை கழிக்கலாம். மேலே சொன்ன 1,920 அப்படி வந்ததுதான். பெரும்பாலோர் தம் உழைப்பைக் கூடுதலாக மதிப்பிடுவதால் சந்தேகம் வந்தால் கீழ்ப்படியையே எடுங்கள். 500-க்கு மேல் கழிப்பது நைட் ஷிப்ட்டில் வேலைக்கு ஆகாது. தூக்கம் குறைந்த உடம்பு பசியை ஏற்றிவிடும். மூன்றாவது இரவு நீங்கள் பரோட்டா கடையில் நிற்பீர்கள்.

இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுக்கும் சர்க்கரை நோயாளிகள் மருத்துவரிடம் பேசாமல் இதில் இறங்கக் கூடாது. வேளை மாறி, அளவும் குறைந்து, மருந்து மட்டும் பழைய நேரத்தில் போனால் வேலை நடுவில் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரும். கர்ப்பிணிகளும் பாலூட்டுவோரும் கலோரியைக் குறைக்கும் வேலையை ஒத்திப்போடுவதே நல்லது.

சமையலறையில் ஒரு தராசு

ஒரு கிராம் வரை காட்டும் சமையல் தராசு ஒன்று வாங்குங்கள். இரண்டு வாரம் விடாமல் நிறுத்தால் போதும்; அதற்குள் உங்கள் வீட்டுக் கரண்டியும் கிண்ணமும் கண்ணளவாகிவிடும். குழிக்கரண்டியின் கொள்ளளவு தெரிய அதில் தண்ணீர் நிரப்பித் தராசில் ஊற்றுங்கள். ஒரு கிராம் என்பது ஒரு மில்லி. ஒவ்வொரு வீட்டுக் கரண்டியும் ஒவ்வொரு அளவு என்பதால் 'ஒரு கரண்டி சாம்பார்' என்று ஆப் சொல்வதற்கு எந்த அர்த்தமும் கிடையாது.

அதிகம் பேர் சறுக்குவது சோற்றில். பச்சரிசியோ புழுங்கலரிசியோ, அரிசியாக 100 கிராமில் ஏறத்தாழ 350 கலோரி. அது வெந்து 250 முதல் 300 கிராம் வரை ஆகும், ஆகவே சோறாக 100 கிராமில் 120 முதல் 140 வரைதான். ஆப்பில் 'அரிசி' என்ற முதல் வரியைத் தொட்டு 250 கிராம் சோற்றைப் பதிந்தால் 325-க்குப் பதில் 880 ஏறிவிடும். அதைக் கண்டு பயந்து சோற்றையே விட்டவர்கள் உண்டு. உறுதியாக அறிய ஒருநாள் அரிசியை நிறுத்துப் போட்டு, வெந்ததும் மொத்தச் சோற்றையும் நிறுத்து வகுத்துப் பாருங்கள். நீங்கள் குழைய வடிப்பவரா, உதிராக வடிப்பவரா என்பதைப் பொறுத்து உங்கள் வீட்டு எண் வரும்.

மாவும் அப்படியே. 800 கிராம் இட்லி அரிசி, 200 கிராம் உளுந்து, இரண்டும் சேர்ந்து சுமார் 3,500 கலோரி. அரைத்த மாவு இரண்டரைக் கிலோ வந்தால் கிராமுக்கு 1.4. ஐம்பது கிராம் இட்லி ஒன்றுக்கு 70. எழுபது கிராம் மாவில் ஊற்றிய தோசை 100, அதைச் சுற்றி விட்ட ஒரு டீஸ்பூன் எண்ணெய்க்கு இன்னும் 40.

எண்ணெயைச் சமைக்கும்போது அளப்பது எல்லார் வீட்டிலும் நடக்காது. சமைப்பவர் வேறு, சாப்பிடுபவர் வேறு. மாதக் கணக்கு போடுங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் பாக்கெட் ஏறத்தாழ 910 கிராம். கிராமுக்கு 9 கலோரி. நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் நாலு லிட்டர் தீர்ந்தால் தலைக்கு ஒரு லிட்டர், நாளைக்கு 30 கிராம், 270 கலோரி. பொரியலையும் குழம்பையும் எண்ணெய் இல்லாமல் பதிந்துவிட்டு, இந்த 270-ஐ 'வீட்டு எண்ணெய்' என்று தினமும் ஒரே வரியாகச் சேர்த்துவிடலாம். ஒவ்வொரு தாளிப்பையும் துரத்துவதைவிட இது நிஜத்துக்கு நெருக்கமாக இருக்கும்.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதில் ஆற்றல் கிலோஜூலில் இருக்கும். 4.184-ஆல் வகுத்தால் கலோரி. பாக்கெட்டில் 'கிலோகலோரி' என்று அச்சிட்டிருப்பதும் நாம் பேச்சில் 'கலோரி' என்பதும் ஒன்றே. பாக்கெட்டின் பின்பக்கம் 100 கிராமுக்கு ஒரு எண்ணும் ஒரு 'பரிமாறலுக்கு' ஒரு எண்ணும் இருந்தால் 100 கிராம் வரியை மட்டும் நம்புங்கள். கம்பெனி நினைக்கும் பரிமாறல் நாலு சிப்ஸில் முடிந்துவிடும்.

டப்பாவை முன்கூட்டியே எழுதிவிடுங்கள்

விடியற்காலை மூன்று மணிக்கு யாருக்கும் கணக்கு வராது, மனவுறுதியும் இருக்காது. அதனால் வேலைக்குக் கிளம்பும் முன்பே, தெளிவாக இருக்கும்போது, அன்றைய இரவு சாப்பிடப்போவதை நிறுத்து, டப்பாவில் போட்டு, மூடியில் டேப் ஒட்டி மொத்தக் கலோரியை எழுதி, ஆப்பிலும் பதிந்துவிடுங்கள். இரவில் நீங்கள் குறிக்க வேண்டியது இரண்டே: டப்பாவில் மிச்சம் வைத்தது, டப்பாவுக்கு வெளியே சாப்பிட்டது.

1,920 கலோரியை நைட் நாளில் பிரிக்க ஒரு வழி: மூன்று மணிக்கு எழுந்ததும் 600, ஒன்பது மணிக்குக் கிளம்பும் முன் 550, ஒரு மணி பிரேக்கில் 350, டீக்கும் கொறிப்புக்கும் 170, வேலை முடிந்து தூங்கும் முன் 250. நள்ளிரவுக்கு முன்பே அறுபது சதவீதம் முடிந்துவிடுகிறது. இதற்குக் காரணம் உண்டு. உடம்பின் கடிகாரம் இரவில் சர்க்கரையைக் கையாளும் திறனைத் தாழ்த்திவிடுகிறது; மதியம் சாப்பிட்டால் ஏறும் அளவைவிட அதே சோறு இரவு இரண்டு மணிக்கு ரத்தச் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றும். நிறைய சாப்பிட்டால் அதன் பிறகு வரும் சொக்கலும் நெஞ்செரிச்சலும் தனி. ஆனால் கலோரி மாறாது. இரவில் சாப்பிட்டால் அதே இட்லி இரண்டு மடங்கு ஏறும் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம்.

ஒரு மணி டப்பாவுக்குச் சில சேர்க்கைகள். தயிர் சாதம் 250 கிராம்: சோறு 160, தயிர் 90, தாளிப்பு எண்ணெய் ஒரு டீஸ்பூன், மொத்தம் 300. கூட வெள்ளரிக்காய். எட்டு மணிக்குக் கட்டினால் ஒரு மணிக்குள் புளித்துவிடும். பாதி பால், பாதி தயிர் விட்டுப் பிசைந்தால் சரியாக இருக்கும், பாலையும் கணக்கில் சேருங்கள். எண்ணெயில்லாத சப்பாத்தி இரண்டு 200, அவித்த முட்டை இரண்டு 150. கொண்டைக்கடலைச் சுண்டல் 150 கிராம் 240, கூட மோர் ஒரு டம்ளர் 40. பொடி இட்லி மட்டும் ஏமாற்றும்: நாலு இட்லி 280-இல் நிற்க, பொடியும் இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெயும் இன்னும் 125 சேர்க்கும்.

காலை ஏழு மணிக்கு ஓட்டலில் பொங்கல்-வடை என்பது நைட் முடித்தவர்களின் பழைய வழக்கம். நெய் மிதக்கும் பொங்கல் 250 கிராமில் 400-க்குக் குறையாது, வடை 150, சட்னி-சாம்பாருக்கு இன்னும் 150. எழுநூறு கலோரியை வயிற்றில் போட்டுக்கொண்டு உடனே படுத்தால் தூக்கமும் கெடும். வெறும் வயிற்றோடு படுப்பதும் தப்பு. பத்தரைக்குப் பசி எழுப்பிவிடும். மூன்று இட்லி, சாம்பார் என்று 250 முதல் 300-க்குள் நிறுத்துங்கள். பொங்கல் வேண்டுமானால் வீக் ஆஃப் அன்று சாப்பிடலாம்.

கேன்டீன், டீ, பரோட்டா கடை

கேன்டீனில் தராசை எடுத்து வைக்க முடியாது. வீட்டில் ஒரு டப்பாவில் தளர்வாகச் சோறு நிரப்பி நிறுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேன்டீனில் அதே டப்பாவில் வாங்குங்கள். தட்டில்தான் தருவார்கள் என்றால், பரிமாறும் கரண்டியில் ஒன்றை ஒருநாள் அந்த டப்பாவில் போட்டுப் பார்த்தால் எத்தனை கரண்டிக்கு நிரம்புகிறது என்று தெரிந்துவிடும். பொரியல், கூட்டு, குழம்பு ஒவ்வொன்றுக்கும் வீட்டு எண்ணோடு 40 சேருங்கள். மொத்தச் சமையலில் எண்ணெய் ஒரு டீஸ்பூனாவது கூட இருக்கும். பொரித்த அப்பளம் ஒன்றுக்கு 50 முதல் 60.

டீதான் நைட் ஷிப்ட்டின் மறைமுகச் செலவு. நூறு மில்லி கிளாஸில் பாதி பால், இரண்டு டீஸ்பூன் சர்க்கரை: சுமார் 70. நாலு முறை குடித்தால் 280. ஆவின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6. காபியில் பால் அதிகம் என்பதால் அங்கே இந்த வித்தியாசம் தெரியும். சர்க்கரையைப் பாதியாக்கினால் நாலு டீக்கு 80 மிச்சம். கூட வரும் கிரீம் பிஸ்கட் ஒன்று 50, மெல்லிய பட்டர் பிஸ்கட் 25, கைப்பிடி மிக்சர் 30 கிராமில் 160. கடைசி டீயை இரண்டு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. காஃபின் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போலப் பிடிக்கும். ஐந்து மணி டீ எட்டு மணித் தூக்கத்தைக் கெடுக்கும், கெட்ட தூக்கம் மறுநாள் பசியாகத் திரும்பும். அதனால் கணக்கு நோட்டில் தூங்கிய மணி நேரத்துக்கும் ஒரு கட்டம் போடுங்கள். ஐந்துக்குக் குறைந்த நாளில் டப்பாவோடு 150 கலோரிக்கு ஏதாவது, ஒரு முட்டையும் ஒரு வாழைப்பழமும் போல, கூடுதலாக எடுத்துப் போனால் பஜ்ஜியிலிருந்து தப்பலாம்.

இரவில் திறந்திருக்கும் கடைகளுக்குக் கைக்கணக்கு:

பரோட்டா ஒன்று 250 முதல் 300 வரை, சால்னா ஒரு கிண்ணம் 150. சால்னாவின் மேலே மிதக்கும் எண்ணெயை ஒதுக்கிக் கேட்டால் பாதி குறையும்.
முட்டை கொத்து பரோட்டா ஒரு தட்டு 800-க்கு மேல்.
சிக்கன் பிரியாணி ஒரு தட்டு 700 முதல் 900.
கல் தோசை ஒன்று 150 முதல் 180.
இரட்டை முட்டை ஆம்லெட் 230.
தேங்காய்ச் சட்னி இரண்டு ஸ்பூன் 75.
வறுத்த கடலைப் பொட்டலம் 50 கிராம் 285.

இவை சராசரிதான். கடைச் சாப்பாட்டுக்கு ஐந்து கலோரி துல்லியம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒரே கடையில் ஒரே பொருளுக்கு எப்போதும் ஒரே எண்ணைப் போட்டால் போதும். தவறு இருந்தாலும் அது ஒரே அளவுத் தவறாக இருக்கும், பிறகு திருத்திக்கொள்ளலாம்.

போனை உள்ளே விடாத இடத்தில்

பல ஆலைகளில் லைனுக்குள் போன் கூடாது. சட்டைப் பையில் ஒரு துண்டுச்சீட்டும் பேனாவும் போதும். 'ட' என்றால் டீ, 'பி' பிஸ்கட், 'வ' வடை. ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு. வீட்டுக்கு வந்ததும் குளித்துப் படுக்கும் முன் அதை நோட்டிலோ ஆப்பிலோ ஏற்றிவிட வேண்டும். தூங்கி எழுந்து எழுதலாம் என்று விட்டால் இரண்டு டீ காணாமல் போகும். மறந்துபோனதை வெற்றிடமாக விடாதீர்கள்; உத்தேசமாக ஓர் எண்ணும் பக்கத்தில் கேள்விக்குறியும் போடுங்கள். வெற்றிடத்தை ஆப் பூஜ்யமாகத்தான் எடுக்கும், வாரச் சராசரி பொய்யாகத் தாழ்ந்துவிடும்.

ஸ்மார்ட் வாட்ச் காட்டும் 'எரித்த கலோரி'யை ஆப்போடு இணைக்காமல் இருப்பதே நல்லது. உங்கள் வேலையின் அசைவை ஏற்கெனவே 1.375 என்று பெருக்கிவிட்டீர்கள். வாட்ச் அதையே இன்னொரு முறை கூட்டி, சாப்பிட இடம் இருப்பதாகக் காட்டும். போதாக்குறைக்கு அதுவும் பன்னிரண்டு மணிக்கு அடிகளைப் பூஜ்யமாக்கிவிடும்.

எடை பார்ப்பதும் திருத்துவதும்

பெரிய தூக்கம் முடிந்து எழுந்து, கழிப்பறை போய்வந்து, எதுவும் குடிக்கும் முன் எடை பாருங்கள். அது காலை ஐந்தாக இருந்தாலும் மதியம் மூன்றாக இருந்தாலும் சரி. ஷிப்ட் மாறும் நாட்களில் உப்பும் நீரும் குடலில் இருப்பதும் சேர்ந்து ஒரு கிலோ வரை மேலும் கீழும் ஆடும், அந்த நாட்களின் எண்ணைக் குறித்துவைத்துவிட்டு மறந்துவிடுங்கள். நைட் வாரத்தின் சராசரியை அதற்கு முந்தைய நைட் வாரத்தோடும், ஏ ஷிப்ட் வாரத்தை முந்தைய ஏ ஷிப்ட் வாரத்தோடும் மட்டுமே ஒப்பிட வேண்டும். மூன்று வாரச் சுற்றில் வேலை பார்ப்பவருக்கு முதல் ஒப்பீடே நாலாவது வாரத்தில்தான் கிடைக்கும். பொறுக்க வேண்டியதுதான்.

அதன்பின் சூத்திரத்தை மறந்துவிட்டு உங்கள் சொந்த எண்ணைக் கண்டுபிடிக்கலாம். ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கலோரி. 21 நாளில் எழுதிய சராசரி 1,950, இரண்டு நைட் வாரங்களுக்கு இடையே 0.6 கிலோ இறங்கியிருக்கிறது என்றால், 0.6-ஐ 7,700-ஆல் பெருக்கி 21-ஆல் வகுக்க 220 வரும். அதை 1,950-உடன் கூட்ட, எடை மாறாமல் இருக்க உங்களுக்கு வேண்டியது 2,170. கேன்டீன் எண்ணெயில் போட்ட குத்துமதிப்பு, கடைப் பரோட்டாவின் சராசரி என்று நீங்கள் செய்த எல்லாத் தவறும் இந்த எண்ணுக்குள் அடங்கிவிடும். எடை இறங்கவே இல்லையென்றால், எழுதிய சராசரிதான் நீங்கள் நிற்கும் அளவு. அதிலிருந்து 200 குறைத்து இன்னொரு சுற்று பாருங்கள். குறைக்கும்போது ஒரு மணி டப்பாவில் கை வைக்காமல், மூன்று மணிச் சோற்றில் ஒரு கரண்டியையும் டீச் சர்க்கரையையும் முதலில் குறையுங்கள். டப்பா இளைத்தால் கடை பெருக்கும்.